குளிர்காலத்தில் தனித்து நிற்கும் கால்நடையோடு நட்பாவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆடு, மாடு, குதிரை, கழுதை எல்லாம் கூட்டமாக வாழ்ந்து உயிர் பிழைத்த இனங்கள். கூட்டத்தில் ஒன்று மேயும்போது இன்னொன்று தலைதூக்கிப் பார்க்கும். ஒன்று படுத்துத் தூங்கினால் இன்னொன்று நின்றபடி காவல் காக்கும். துணை இல்லாமல் போனால் அந்தக் காவல் முழுவதும் ஒரே விலங்கின் தலையில் விழுகிறது. அது ஆழ்ந்து தூங்காது. சிறு சத்தத்துக்கும் மேய்ச்சலை நிறுத்திவிடும். குளிர்காலம் இதை இன்னும் கடினமாக்குகிறது. ஒட்டிப் படுத்துச் சூடேற உடல் இல்லை, பச்சைப்புல் குறைவு, கொட்டிலில் அடைபட்டுக் கிடக்கும் நேரம் அதிகம். மனிதர்களும் இருட்டுவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

அப்படி நிற்கும் ஒரு விலங்கின் நம்பிக்கையை எப்படிப் பெறுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் எவ்வளவு அன்பாக இருந்தாலும் ஓர் ஆட்டுக்கு இன்னோர் ஆடாக முடியாது. நீங்கள் ஒரு மணி நேரம் அருகில் இருந்தால், மீதி 23 மணி நேரமும் அது தனியாகத்தான் இருக்கும். அதன் இனத்திலேயே ஒரு துணை வரும்வரை அதைத் தெம்பாக வைத்திருப்பதும், அந்த மாற்றத்தை அது பயமில்லாமல் ஏற்க உதவுவதும்தான் உங்கள் நட்பின் வேலை. கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இந்த நோக்கத்தோடு படியுங்கள்.

படி 1: அது ஏன் தனியாக இருக்கிறது என்று கேளுங்கள்

விலங்கு வேறொருவருடையது என்றால் அவரிடம் பேசுவதுதான் முதல் வேலை. வேலிக்கு வெளியே நின்று கையில் கிடைத்ததை நீட்டுவது நட்பு ஆகாது. அதற்கு என்ன தீவனம் ஒத்துக்கொள்ளும், என்ன மருந்து நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் வெட்டிப்போட்ட கிளைகளைப் பசுந்தழை என்று நினைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் அரளி கலந்திருந்தால் கொஞ்சம் தழையே ஒரு மாட்டைக் கொல்லப் போதும். ஆகவே அனுமதி கேளுங்கள். பெரும்பாலான உரிமையாளர்கள், தினமும் ஒருவர் வந்து பார்க்கிறேன் என்றால் மகிழ்ச்சியோடுதான் சம்மதிப்பார்கள்.

காரணம் தெரிந்தால் அணுகும் விதமும் தெளிவாகும். துணை இறந்துபோயிருந்தால் அது துக்கத்தில் இருக்கிறது. இதில் கழுதையை நான் தனியாகச் சொல்ல வேண்டும். கழுதைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்து வாழும். ஒன்று இறந்தால் மற்றது கத்திக்கொண்டே தேடும்; தீனியைத் தொடாது. அதனால்தான் இறந்த துணையின் உடல் அருகே, அது தானாக விலகிப் போகும்வரை, மற்றதை நிற்கவிடச் சொல்கிறார்கள் கழுதை வளர்ப்பில் அனுபவம் உள்ளவர்கள். நோய்க்காகப் பிரித்து வைத்திருந்தால் நீங்கள் தொடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டும். மற்றவற்றை முட்டித் தள்ளுகிறது என்று பிரித்த கிடாவாக இருந்தால், வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே பழகுங்கள்.

புட்டிப்பால் கொடுத்து மனிதர் கையில் வளர்ந்த ஆண் விலங்கிடம் எப்போதும் எச்சரிக்கையாக இருங்கள். கிடா, காளை எதுவானாலும், தன் இனத்தைப் பார்க்காமல் வளர்ந்த ஆண், மனிதரையே தன் கூட்டத்து உறுப்பினராக எண்ணும். பருவம் வந்ததும் சக ஆணிடம் மோதுவதுபோல் மனிதரிடம் மோதும். சின்ன வயதில் அது விளையாட்டாக முட்டியதைப் பார்த்துச் சிரித்தவர்கள், அது வளர்ந்த பிறகு எலும்பு முறிந்து கிடந்ததுண்டு. இப்படிப்பட்ட விலங்குக்கு மனித நட்பைக் கூட்டுவதைவிடத் தன் இனத்தோடு சேர்த்துவிடுவதே பெரிய உதவி.

படி 2: தனிமையா, நோயா?

ஓயாமல் கத்துவது, வேலியோரமாகவே நடந்து தடம் போடுவது, கட்டையைக் கடித்துக்கொண்டிருப்பது, நின்ற இடத்திலேயே உடலை இடவலமாக ஆட்டுவது, சுவரைப் பார்த்துத் தலைதொங்கி நிற்பது எல்லாம் தனிமையின் அடையாளங்களாக இருக்கலாம். ஆனால் இவற்றில் சில நோயின் அடையாளங்களும்தான். இரையாகும் இனங்கள் வலியை மறைப்பதில் தேர்ந்தவை. பலவீனம் தெரிந்தால் வேட்டை விலங்கு அதைத்தான் குறிவைக்கும் என்பது அவற்றின் இரத்தத்தில் ஊறியது. கழுதை இதில் எல்லாவற்றையும் மிஞ்சும். கழுதை ‘கொஞ்சம் மந்தமாக இருக்கிறது’ என்று உங்களுக்குத் தோன்றினாலே அது நிஜமாகவே நோயில் இருக்கலாம். சாப்பிடாமல் விட்ட கழுதையின் உடல், சேமித்த கொழுப்பை இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கொட்டத் தொடங்கும். கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டுச் சில நாட்களில் உயிரே போகலாம். எனவே தீனியை ஒதுக்கும் கழுதைக்கு அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும். ‘துக்கத்தில் இருக்கிறது, சரியாகிவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது.

குளிர்கால ரோமம் கண்ணை ஏமாற்றும். தூரத்திலிருந்து பார்த்தால் கொழுகொழு என்று தெரியும் செம்மறியின் கம்பளிக்குள் கைவிட்டுப் பார்த்தால் முதுகெலும்பு கத்திபோல் குத்தும். தொடவிடும் அளவுக்குப் பழகியதும், வாரம் ஒருமுறை விலா எலும்பையும் முதுகையும் தடவிப் பாருங்கள். மெல்ல அழுத்தினால் விலா உணரப்பட வேண்டும். துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. அதுவரை சாணத்தையும் புழுக்கையையும் பாருங்கள். மாடும் ஆடும் அசைபோடுகிறதா என்று பாருங்கள். நல்ல நிலையில் உள்ள மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அசைபோடாத மாட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படி 3: முதலில் உலர்ந்த இடம், தீவனம், தண்ணீர்

குளிர்ந்து பசித்து நிற்கும் விலங்கு யாரோடும் நட்பாகாது. அதன் உடல் சூட்டைக் காப்பாற்றுவதிலேயே முழுக் கவனமும் போகும்.

குளிரைவிட ஈரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அடர்ந்த குளிர்கால ரோமம் உலர்ந்திருந்தால், நல்ல உடல்நிலையில் உள்ள மாடு சுமார் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் தீவனம் இல்லாமலே சமாளிக்கும். அதே ரோமம் நனைந்துவிட்டால் சுமார் 15 டிகிரியிலேயே குளிர் அதைத் தாக்கத் தொடங்கிவிடும். ரோமங்களுக்கிடையே நிற்கும் காற்றுதான் போர்வை. நனைந்து படிந்தால் அந்தப் போர்வை இல்லை. கழுதையின் ரோமம் குதிரையுடையதுபோல் மழையைத் தடுக்காது, வெள்ளாட்டுக்கு மழை அறவே ஆகாது. காற்றுக்கும் மழைக்கும் மறைப்பாக மூன்று பக்கம் சுவரும் மேலே கூரையும், கீழே தடிமனாகப் பரப்பிய வைக்கோலும் போதும். துணையோடு ஒட்டிப் படுக்க வழியில்லாத விலங்குக்கு வைக்கோலைக் கூடுதலாகவே போடுங்கள். புதைந்து படுக்கும் அளவுக்கு இருக்கட்டும்.

அதற்காகக் கொட்டிலை இறுக்கி மூடிவிடாதீர்கள். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா நுரையீரலைக் கெடுக்கும். விலங்கு படுக்கும் உயரத்துக்கு நீங்கள் குந்தி உட்கார்ந்து மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் படுக்கையை மாற்ற வேண்டும், மேலே காற்று போக வழி வேண்டும். வைக்கோல் நிறைந்த இடத்தில் சூட்டு விளக்கைத் தொங்கவிடும் பழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை; கொட்டில்கள் தீப்பிடிப்பதற்கு அது நன்றாகத் தெரிந்த காரணம்.

தீவனத்தில் தாராளம் காட்ட வேண்டியது உலர்புல்லில்தான். நார்ச்சத்து குடலில் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது; உள்ளேயே அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று திடீரெனத் தானியத்தைக் கூட்டினால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இரைப்பையில் அமிலம் பெருகும். குதிரைக்கு வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் வரலாம். எந்த மாற்றத்தையும் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்லச் செய்யுங்கள். மாட்டுக்கோ வெள்ளாட்டுக்கோ தயாரித்த தீவனத்தையும் தாது உப்பையும் செம்மறிக்கு வைக்காதீர்கள். அவற்றில் உள்ள செம்பு செம்மறியின் கல்லீரலில் சேர்ந்து கொல்லும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். குளிர்காலத்தில் தாகம் குறைவு என்று நினைக்கிறோம். பச்சைப்புல்லில் இருந்த நீர் உலர்புல்லில் இல்லை என்பதால் தேவை உண்மையில் கூடுகிறது. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வேண்டும். சில்லிட்ட தண்ணீரை அவை குறைவாகவே குடிக்கும். தண்ணீர் குறைந்தால் குடலில் தீனி இறுகிக் கட்டிக்கொள்ளும். நீங்கள் வரும்போதெல்லாம் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவாருங்கள். உறைபனி உள்ள இடமாக இருந்தால் தொட்டியின் மேல் பனிக்கட்டியையும் உடைத்துவிடுங்கள். பனியை நக்கி அது சமாளித்துக்கொள்ளும் என்று விடக் கூடாது. இந்த வாளிதான் உங்கள் முதல் அறிமுகம். தீனியைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன். ஏனென்றால் தண்ணீருக்காக எந்த விலங்கும் உங்கள் கையைக் கடிக்கப் பழகாது.

படி 4: ஒரே நேரத்தில் வந்து, சும்மா உட்காருங்கள்

தனித்திருக்கும் விலங்கை அதிகம் வாட்டுவது அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில், ஒரே மேலங்கியோடு வாருங்கள். வாசலுக்கு வருமுன்பே பேசத் தொடங்குங்கள், அல்லது வாளியை ஒரே மாதிரி தட்டுங்கள். வாரத்துக்கு ஒருநாள் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் வருவது மேல்.

வந்ததும் அதை நோக்கிப் போக வேண்டாம். உலர்ந்த இடமாகப் பார்த்து, வெளியேறும் வழியை மறைக்காமல், பக்கவாட்டாகத் திரும்பி உட்காருங்கள். உங்களை நம்பலாமா என்று இன்னும் தெரியாத கிடாவோ காளையோ குதிரையோ இருந்தால் வேலிக்கு வெளியே உட்காருங்கள். தாழ்ந்த குரலில் எதையாவது வாசியுங்கள். கத்திப் பேசினாலே மாட்டின் இதயத்துடிப்பு ஏறும். மெல்லிய பேச்சு அதை அமைதிப்படுத்தும்.

உங்கள் முகத்தையும் அது படிக்கிறது. செம்மறிகள் 50 சக செம்மறிகளின் முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். சிரித்த முகமும் கோபமுகமும் உள்ள படங்களை மாட்டி வைத்தபோது வெள்ளாடுகள் சிரித்த முகத்தை நாடிப் போனதை 2018-இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. கோபமான மனித முகப்படத்தைப் பார்த்த குதிரைகளின் இதயத்துடிப்பு வேகமாக ஏறியதை 2016-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் கண்டார்கள். ஆகவே எரிச்சலான மனநிலையில் இருக்கிறீர்களா? தண்ணீரை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அன்று உட்கார வேண்டாம்.

படி 5: எட்டும் தூரத்தை அதுவே முடிவு செய்யட்டும்

ஒவ்வொரு விலங்கைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. அதற்குள் நீங்கள் நுழைந்தால் அது நகரும். வட்டத்தின் விளிம்பில் அது காதைத் திருப்பும், மெல்லுவதை நிறுத்தும், எடையைப் பின்காலுக்கு மாற்றும். அந்தக் கணத்தில் நில்லுங்கள், ஓரடி பின்வாங்குங்கள். இந்தப் பின்வாங்கல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ‘நான் வேண்டாம் என்றால் இவர் கேட்கிறார்’ என்று அது கற்றுக்கொள்வது அப்போதுதான். மூலையில் மடக்கிப் பிடித்துத் தடவிக்கொடுத்தால், பயத்தில் அது அசையாமல் நிற்கும். அதைச் சம்மதம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

நேருக்கு நேர் முகத்தை நோக்கியும் பின்புறமிருந்தும் போக வேண்டாம். இவற்றின் கண்கள் தலையின் பக்கங்களில் இருப்பதால் வாலுக்குப் பின்னே பார்வை இல்லை. குதிரைக்கு மூக்குக்கு நேர் கீழேயும் தெரியாது. தோள்பட்டையை நோக்கிச் சாய்வாக, வளைந்து நடந்து வாருங்கள்.

பிறகு ஒருநாள் அது தானாக வந்து உங்கள் காலணியையோ முதுகையோ முகரும். அப்போது கையை நீட்டத் துடிக்கும், நீட்டாதீர்கள். மூச்சை மெல்ல விடுங்கள், முகர்ந்துவிட்டுப் போகட்டும். சில வெள்ளாடுகள் முதல் நாளே இப்படி வரும். அடிபட்டுப் பழகிய கழுதைக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆகலாம். வேகத்தை வைத்து உங்கள் அன்பை அளக்காதீர்கள்.

படி 6: எங்கே தொடுவது

தலையை வருடுவது மனிதப் பழக்கம். விலங்குகளுக்குள் யார் எதை நக்கிக்கொடுக்கிறது, எங்கே கடித்துச் சொறிந்துகொள்கிறது என்று பார்த்தால் உங்களுக்கு இடம் தெரிந்துவிடும்.

குதிரைக்கும் கழுதைக்கும் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு. நண்பர்களான குதிரைகள் தலைமாறி நின்று ஒன்றையொன்று பல்லால் வருடுவது அங்கேதான். அங்கே சொறியும்போது இதயத்துடிப்பு குறைவதை 1993-இல் பிரான்சில் அளந்து காட்டினார்கள். மாட்டுக்குக் கழுத்தின் அடிப்பக்கம், அலைதாடியை ஒட்டிய பகுதி. மற்ற மாடுகள் நக்கிக்கொடுக்கும் இடம் அது. அங்கே தடவினால் கழுத்தை நீட்டிக் கண்ணை அரைகுறையாக மூடும். காதுகள் தளர்ந்து தொங்கும். ஆட்டுக்கு நெஞ்சும் தோளும், பழகியபின் முதுகுத்தண்டின் இரு பக்கமும். செம்மறிக்கு நெஞ்சுப் பக்கம்.

ஆடு, மாடு எதற்கும் நெற்றியில் கைவைத்துத் தள்ள வேண்டாம். நெற்றியில் அழுத்தம் என்றால் அவற்றின் மொழியில் மோதலுக்கு அழைப்பு. குட்டி முட்டுவது அழகாகத்தான் இருக்கும். எழுபது எண்பது கிலோ ஆனபிறகும் அது அதையேதான் செய்யும்.

மூன்று நான்கு நொடி தடவுங்கள், கையை எடுங்கள், காத்திருங்கள். அது உங்களை நோக்கிச் சாய்ந்தாலோ மூக்கால் இடித்தாலோ தொடருங்கள். அசையாமல் உடல் விறைத்து நின்றால், வாலைச் சுழற்றினால், வேறு பக்கம் பார்த்தால் அன்றைக்கு அவ்வளவுதான். உங்கள் கைகளும் சூடாக இருக்கட்டும்.

தூரிகை போடுவது நல்ல பழக்கம், ரோமம் உலர்ந்திருந்தால் மட்டும். காய்ந்த சேறு போனால் ரோமம் மறுபடி காற்றைப் பிடித்துக்கொள்ளும். குளிப்பாட்டுவதைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பேன் பெருகும் என்பதால் தூரிகை போடும்போது ரோமத்தைப் பிரித்துப் பாருங்கள். கால் தூக்க அனுமதித்தால் குளம்பு இடுக்கில் சேறும் பனிக்கட்டியும் அடைந்திருக்கிறதா, நாற்றம் வருகிறதா என்றும் பாருங்கள்.

படி 7: கையில் தீனி

கொடுக்கலாம், கொஞ்சமாக. தட்டிலோ தரையிலோ வைப்பது நல்லது. சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தால் குதிரையும் ஆடும் பையைக் கடிக்கும். பிறகு அடுத்தவர் அதற்காக அதை அடிப்பார். ரொட்டி, மிச்சச் சோறு வேண்டாம். வந்தவுடன் கொடுக்காமல் புறப்படுமுன் கொடுங்கள். உங்கள் பிரிவு அப்போது கொஞ்சம் எளிதாகும்.

படி 8: நீங்கள் இல்லாத நேரத்துக்கு வேலை கொடுங்கள்

உலர்புல்லை ஒரே இடத்தில் குவிக்காமல் நான்கைந்து இடங்களில் பிரித்து வையுங்கள், தேடி நடக்கும். வெள்ளாட்டுக்கு ஏறி நிற்கக் கட்டையோ பாறையோ, கடிக்க நஞ்சில்லாத கிளையோ கொடுங்கள். கழுதைக்கும் குதிரைக்கும் தலைக்கயிறு பழக்கியிருந்தால் வெயில் ஏறியபின் மெதுவாக நடக்கக் கூட்டிப்போங்கள்.

உடையாத பிளாஸ்டிக் கண்ணாடியைக் கொட்டிலில் மாட்டிப் பார்க்கலாம். தனியாக அடைத்த குதிரைகள் உடலை ஆட்டுவது அதனால் குறைந்ததாக ஆய்வு உண்டு. செம்மறிகளுக்குப் பழகிய செம்மறியின் முகப்படத்தைக் காட்டியபோதே பதற்றம் தணிந்ததாக 2004-இல் கண்டார்கள். கண்ணாடியோடு மோதத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள். இது தற்காலிக ஆறுதல் மட்டுமே. வேறொரு விலங்கின் உடற்சூடோ மணமோ இதில் கிடைக்காது.

உங்கள் பாதுகாப்பு

சுவருக்கும் விலங்குக்கும் இடையே ஒருபோதும் நிற்காதீர்கள். மாடு பக்கவாட்டிலும் உதைக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். வழுக்கும் தரையில் விலங்கை விரட்டாதீர்கள், நீங்களும் ஓடாதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசியைக் காலம் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆட்டின் உதட்டில் புண்ணோ சிரங்கோ இருந்தால் கையுறை வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். கருவுற்ற பெண்கள் குட்டி ஈனும் ஆடுகளின் அருகே போகக் கூடாது. கருச்சிதைவு உண்டாக்கும் கிருமிகள் அங்கே இருக்கலாம்.

படி 9: உண்மையான துணையைக் கொண்டுவருவது

இப்போது அது உங்களை நம்புகிறது. அந்த நம்பிக்கையைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. உரிமையாளரிடம் பேசுங்கள். ஒரே இனம் சிறந்தது. கழுதைக்குக் கழுதை, செம்மறிக்குச் செம்மறி. குதிரையோடு ஆட்டை விட்டால் ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை. ஆனால் இரண்டின் தீவனமும் வேறு, விளையாட்டு மொழியும் வேறு. வயதான விலங்குக்குத் துள்ளும் இளங்குட்டியைவிட அதன் வயதை ஒத்த அமைதியான துணை ஒத்துப்போகும்.

புதிதாக வருவதை மூன்று நான்கு வாரம் தனியே வைத்து, குடற்புழு, பேன், குளம்பு நோய் உண்டா என்று மருத்துவர் பார்த்தபின் வேலிக்கு இருபுறமும் நிறுத்துங்கள். பார்க்கட்டும், முகரட்டும். முதல் நாட்களில் ஒன்றன் படுக்கை வைக்கோலில் ஒரு பிடி எடுத்து மற்றதன் பக்கம் போடுங்கள். வேலியோரமாக இரண்டும் அருகருகே படுக்கத் தொடங்கினால் திறந்துவிடலாம். பகலில், மூலைகள் இல்லாத அகலமான இடத்தில், இரண்டு தீவனத் தொட்டியும் இரண்டு தண்ணீர்த் தொட்டியும் வைத்து விடுங்கள். கொஞ்சம் துரத்தலும் முட்டலும் இருக்கும். யார் பெரியவர் என்று அவை தீர்த்துக்கொள்கின்றன. இரத்தம் வந்தாலோ, ஒன்று மற்றதைத் தீனிக்கே நெருங்கவிடாமல் செய்தாலோ மட்டும் பிரித்துவிடுங்கள்.

இந்த நாட்களில் உங்கள் வருகை நேரத்தை மாற்றாதீர்கள். எல்லாம் மாறும்போது மாறாத ஒன்றாக உங்கள் வாளிச் சத்தம் இருக்க வேண்டும். துணை ஒட்டிக்கொண்டபின் உங்களைக் கண்டு ஓடிவருவது குறையலாம். பாதி வழியில் நின்று பார்த்துவிட்டு மேயப் போய்விடலாம். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு உங்கள் வேலை, இரண்டையும் வாரம் ஒருமுறை தடவிப் பார்த்து விலாவையும் குளம்பையும் கவனிப்பது. தொடவிடுகிற ஒருவர் இருந்தால், பின்னாளில் நோய் வரும்போது மருத்துவர் அதைக் கயிறு போட்டு இழுக்க வேண்டியிருக்காது.